யாரு சொல்லி வந்தீங்க?

மாமல்லபுரத்தில் ஒரே ஒரு நாள் தங்க இடம் வேண்டுமென்றால் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். ஒத்தவாடைத் தெருவுக்குள் நுழைந்தால் போதும். கீழே கடை, மேலே அறை, மொட்டை மாடியில் உணவகம் என்று நெருக்கியடித்து நிற்கும் கட்டடங்களில் ஏதோ ஒன்றில் இடம் இருக்கும். ஆதார் நகலைக் கொடுத்துப் பணத்தைக் கட்டினால் சாவி கைக்கு வரும். அதே ஊரிலோ அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலோ மாத வாடகைக்கு ஒரு படுக்கையறை வீடு தேடுகிறவர்களின் பாடு வேறு. 2022-இல் நான் அப்படித் தேடினேன்.

மன்னார்குடி எனக்குச் சொந்த ஊர். பதவி உயர்வுக் கலந்தாய்வில் திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி எனக்குக் கிடைத்தது. பாடம் தமிழ். தனியாளாகத்தான் வந்தேன். முதல் சில மாதங்கள் செங்கல்பட்டில் ஒரு மகளிர் விடுதியில் தங்கி, கொளவாய் ஏரிக்கரையைக் கடந்து தினமும் பேருந்தில் போய் வந்தேன். திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டு பயணம், அங்கிருந்து இன்னொரு பேருந்து. சாயங்காலம் சிறப்பு வகுப்பு முடித்துக் கிளம்பினால் விடுதியில் இரவுச் சாப்பாடு தீர்ந்திருக்கும். பள்ளிக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தேட ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கரையோரத்தில் மாத வாடகை வீடு ஏன் இவ்வளவு அரிது என்பது விளங்கியது. மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துச் சின்னங்கள் ஊருக்குள்ளேயே பரவிக் கிடக்கின்றன. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கடலோரத்துக்கு வேறு ஒழுங்குமுறை விதிகள் இருக்கின்றன. கட்ட முடிந்த கொஞ்சம் இடத்திலும் ஒரு நாள் வாடகைக்கு விட்டால் கிடைக்கும் பணம் மாத வாடகையில் கிடைக்காது. எனவே, ஊரில் வேலை செய்கிறவர்கள் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். தெற்கே புதுப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் கல்பாக்கத்து அணுமின் வளாகத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறைந்திருந்தார்கள். வளாகத்தின் குடியிருப்புகள் நிரந்தர ஊழியர்களுக்குத்தான்.

நான் தேடிய அந்த ஜூலை மாதத்தில்தான் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் வந்தது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் பூஞ்சேரிக்கு வந்தார்கள். வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ சாலையெங்கும் கைகூப்பி நின்றது. என் மாணவர்கள் சதுரங்கப் பலகையோடு பள்ளிக்கு வந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் காலியாக இருந்த அறைகளையெல்லாம் போட்டி முடியட்டும் என்று பூட்டியே வைத்திருந்தார்கள்.

உள்ளே, சிற்றூர்களில் நிலைமை இன்னொரு விதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் நூற்றுக்கு 27 குடும்பங்களுக்கு மேல் வாடகை வீட்டில் இருந்தன. கிராமங்களில் 3 குடும்பங்களுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கிராமத்து வீடு மகனுக்காகக் கட்டுவது, மகளுக்குச் சீதனமாகத் தருவது, சொந்தபந்தம் வந்தால் தங்க வைப்பது. அதைப் பணத்துக்காக அறியாத ஆளிடம் விடுவது இன்னும் பழகாத காரியம். அங்கே ‘டூ-லெட்’ பலகை கிடையாது. டீக்கடையில் கேட்க வேண்டும், பள்ளிச் சத்துணவு அமைப்பாளரிடம் கேட்க வேண்டும், ரேஷன் கடையில் நிற்கும் பெண்களிடம் கேட்க வேண்டும். வீடு இருக்கிறது என்று தெரிந்து கதவைத் தட்டினால் முதல் கேள்வி எல்லா வாசலிலும் ஒன்றே: “யாரு சொல்லி வந்தீங்க?”

அதன் பிறகுதான் மற்றவை வரும். தனியாகவா இருக்கப் போறீங்க? வீட்டுக்காரர் எங்கே? கறி மீன் உண்டா? சொந்த ஊர்ல எந்தத் தெரு? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது குரல் கொஞ்சம் தணியும். மன்னார்குடியில் எங்கள் தெருவின் பெயரைச் சொன்னால் இவர்களுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன். தெரு பெயர் அவர்களுக்குத் தேவையில்லை. நான் பதில் சொல்லும் விதத்தில், தயங்குகிறேனா, இல்லையா என்பதில் அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் பிறந்த சாதி, அந்தத் தெருக்காரர்கள் முகம் சுளிக்காத சாதி. சத்துணவு அமைப்பாளர் தன் சித்தி வீட்டுக்கு என்னை அழைத்துப் போய், “நம்ம ஸ்கூல் தமிழ் டீச்சர், நல்ல மாதிரி, நான் பொறுப்பு” என்று சொன்னார். வீடு கிடைத்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாயிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது அந்தத் தெரு. கீழே வீட்டுக்காரம்மா, மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு ஆள் நின்று சமைக்கும் சமையலறை. படி வெளியே. மாடி முகப்பில் நின்றால் மேற்கே கழனிகளும், தெளிந்த நாட்களில் திருக்கழுக்குன்றத்து மலையும் தெரியும். வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கணவர் கல்பாக்கத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்துக் காலமானவர். மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, அங்கேயே தங்கல். மகனுக்குக் கல்யாணம் ஆனால் வேண்டும் என்று கட்டிய மாடி அது. அக்காவுக்கு அப்போது விதவை உதவித்தொகை 1,000 ரூபாய், நூறு நாள் வேலை இருந்தால் அந்தக் கூலி. என் வாடகை 5,500 ரூபாய்தான் அவர் கையில் மாதாமாதம் உறுதியாக வரும் பெரிய தொகை. வீட்டுச் சொந்தக்காரர் என்றாலே வசதியானவர் என்று நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் நினைப்பார்கள். இங்கே வாடகை கொடுப்பவரை நம்பித்தான் வீட்டுக்காரரின் அடுப்பு எரிந்தது. அவர் அவ்வளவு கேள்வி கேட்டதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்பதை நான் மறுக்கமாட்டேன்.

அட்வான்ஸ் 50,000 கேட்டார். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் சாலை வழியே இங்கும் வந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. நான் அதைச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். மாடிக்குக் குளியலறை ஓடு பதித்த கடன் 30,000 பாக்கி இருந்தது. “அதக் கட்டிட்டா எனக்கு நிம்மதி டீச்சர். நீங்க போறப்போ சீட்டுப் பணத்துல திருப்பிக் குடுத்துடறேன்” என்றார். 30,000 என்று முடிந்தது. திருக்கழுக்குன்றத்தில் பத்திரம் எழுதுபவரிடம் போய் 20 ரூபாய்ப் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதனால்தான் நாடெங்கும் வாடகை ஒப்பந்தங்கள் பதினொரு மாதத்தில் நிற்கின்றன. புதிய சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தங்களையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டுமே என்று பத்திரம் எழுதுபவரிடம் கேட்டேன். “இங்க யாரும் அப்படி வர்றதில்லைங்க மேடம்” என்று தாளை மடித்துக் கொடுத்தார். அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் கேஸ் இணைப்பையும் வங்கிக் கணக்கையும் மாற்றினேன். அரசின் கண்ணுக்கு நான் அந்த ஊர்க்காரி ஆனது அந்த ஒற்றைத் தாளால்.

கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் மின் இணைப்பு ஒன்றே. மாடிக்கு ஒரு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று பேசியிருந்தோம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்கு ஒன்று. அந்தச் சலுகை கீழ் வீட்டோடு நின்றுவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஆண்டு நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொல்லி வாரியத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தபோதுதான் அக்கா கலங்கிவிட்டார். இணைப்பு காலமான கணவரின் பெயரிலேயே இருந்தது. குடியிருப்பவரின் ஆதாரை இணைத்தால் வீடு அவர் பெயருக்குப் போய்விடும் என்று தெருவில் யாரோ சொல்லியிருந்தார்கள். அப்போது தமிழ்நாடு முழுவதும் வீட்டுக்காரர்களுக்கு இருந்த பயம் அது. மின் இணைப்பு எண் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் ஆகாது என்று எடுத்துச் சொல்லி, வாரிசுச் சான்று, இறப்புச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் முகாமுக்குப் போய் அவர் பெயருக்கே மாற்றி அவர் ஆதாரையே இணைத்தோம். திரும்பி வரும் வழியில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வீட்டில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது தண்ணீர். காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவள் நான். தண்ணீரில் வகைகள் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கே குளிக்க ஒரு தண்ணீர், பாத்திரம் கழுவ ஒரு தண்ணீர், சோறு வடிக்க ஒரு தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர். மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர். மழை முடிந்த மாதங்களில் பரவாயில்லை. சித்திரை வந்தால் சோப்பு நுரைக்காது, குழாய் முனையில் வெள்ளையாகப் பூக்கும். பின்பக்கம் பழைய உறைகிணறு ஒன்று இருந்தது. ஆழம் அதிகமில்லை. அதன் தண்ணீர் மட்டும் கோடையிலும் வாயில் வைக்கும்படி இருந்தது. அக்கா அதிலிருந்துதான் குழம்புக்குச் சேந்துவார்.

2023 கோடையில் போரை இன்னும் ஆழப்படுத்திவிடலாம் என்று ஒரு ரிக்காரர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். அன்று எங்கள் பள்ளியின் இயற்பியல் டீச்சர் என்னோடு வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் நானும் ஒரே வாரத்தில் அந்தப் பள்ளியில் சேர்ந்தவர்கள். அவர் சாக்குக்கட்டியை வாங்கித் திண்ணையில் படம் போட்டார். கடல் நீர் நன்னீரைவிடச் சற்றே கனமானது. மழை நீர் மணலுக்குள் இறங்கி, எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே 40 மீட்டர் அளவுக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே உள்ளதை உறிஞ்சி ஒரு மீட்டர் குறைத்தால், கீழே உப்பு அதே கணக்கில் ஏறி வரும். கால்வாயிலும் கடலின் ஏற்றம் உள்ளே வருவதால் இந்தத் தெருவுக்கு இரண்டு பக்கமும் உப்பு. “ஆழமாப் போனா நல்ல தண்ணி வரும்னு நெனைக்காதீங்கம்மா. ஆழத்துலதான் கடல் இருக்கு. கிணத்தத் தூர் வாருங்க, மாடி மழைத்தண்ணிய அதுக்குள்ள விடுங்க” என்றார். அக்கா அவர் பேச்சை அப்படியே கேட்டார். ரிக்காரரை அனுப்பிவிட்டார். ஐப்பசிக்கு முன் மாடியிலிருந்து கிணற்றுக்குக் குழாய் இறக்கி, நடுவில் ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி கட்டினார். அடுத்த கோடையில் போர் தண்ணீரே கொஞ்சம் தேறியிருந்தது. “பிசிக்ஸ் டீச்சர் சொன்னது” என்று தெரு முழுக்கச் சொன்னார்.

வடக்கே நெம்மேலியில் 2013 முதல் ஓர் ஆலை கடல் நீரைக் குடிநீராக்குகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலையும் திறந்தது. தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. சென்னைக்குத் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் இந்தக் கடலோரத்துப் பெண்கள் கேன் தண்ணீருக்குக் காசு எண்ணிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே அந்தக் கணக்கைப் படிப்பது எனக்கு எளிதாக இருந்ததில்லை.

குடியேறிய ஆண்டின் டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தது. வானிலை அறிவிப்பில் ‘மாமல்லபுரம் அருகே கரையைக் கடக்கும்’ என்று ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். சாயங்காலமே மின்சாரம் போனது. அக்கா படியடியில் நின்று, “டீச்சர், கீழ வந்துருங்க, மாடில குந்தாதீங்க” என்று கத்தினார். நான் இறங்கும்போது தொட்டி மூடி பறந்து போய்க் கழனியில் விழுந்தது.

அக்காவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, சிமெண்ட் ஷீட் கூரை போட்ட வரிசை அறைகள் இருந்தன. அவற்றில் கட்டுமான வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். அறைக்கு வாடகை இல்லை; தலைக்கு இவ்வளவு என்று வசூல். ஓர் அறைக்குள் ஆறு பேர், எட்டு பேர். நானும் அவர்களும் வாடகைக்கு இருப்பவர்கள்தான். எனக்கு ஒப்பந்தம் இருந்தது; அவர்களுக்கு ஒப்பந்தக்காரர் மட்டுமே இருந்தார். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஷீட்டுகள் படபடக்க ஆரம்பித்ததும் அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். சைகை காட்டியே அவர்களை எழுப்பிக் கூட்டி வந்தார். கூடத்தில் பாய் விரித்து, முந்தானையால் ஒரு பையனின் தலையைத் துவட்டிவிட்டார். அடுப்பில் கஞ்சி வைத்தார். அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல்; என் பையிலிருந்த மாத்திரையைக் கொடுத்தேன். நள்ளிரவை ஒட்டிக் காற்று உச்சத்துக்குப் போனபோது ஜன்னல் கதவை நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். விடிந்து பார்த்தால் முருங்கையும் இரண்டு தென்னையும் சாய்ந்து கிடந்தன. ஷீட்டு அறைகளில் பாதிக்கு மேல் கூரை இல்லை. அந்தப் பையன்கள்தான் தெருவில் விழுந்த மரங்களை வெட்டி ஒதுக்கினார்கள். அன்று இரவு அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோதும் இப்படித்தான், யார் வீடு திறந்திருந்ததோ அங்கே ஏறினோம் என்று அக்கா சொன்னார்.

இவ்வளவு நல்ல மனிதர்கள் இருந்த தெருவில்தான் அடுத்தது நடந்தது. அதனால்தான் அது என் மனத்தை இன்னும் விடவில்லை.

இயற்பியல் டீச்சர் செங்கல்பட்டில் வீடு எடுத்திருந்தார். கணவர் வேறு மாவட்டத்தில் வேலை. எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்பி வருவார். மழைக்காலத்தில் அந்தக் குழந்தை பேருந்தில் தூங்கியபடியே வந்து இறங்கும். எங்கள் தெருவில் எதிர்ச் சாரியில் ஒரு போர்ஷன் காலியானது. அதுவும் ஒரு படுக்கையறை, தரைத்தளம், பின்னால் இடம். நான் போய்ப் பேசினேன். வீட்டுக்காரர் டீச்சர் என்றதும் மகிழ்ந்தார். டீச்சர் வந்து வீட்டைப் பார்த்து, முன்பணமாக 2,000 ரூபாய் கொடுத்தார். மகள் பின்பக்கம் கொய்யா மரத்தில் ஏறிப் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் அந்த 2,000 ரூபாய் என்னிடமே திரும்பி வந்தது. “சொந்தக்காரங்க வராங்களாம் டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க.” சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. வீடு மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தது. காரணத்தை அக்காதான் நேராகச் சொன்னார். அந்த டீச்சர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று யாரோ விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். “எனக்கு இதுல ஒண்ணுமில்ல டீச்சர். தெருவுல நாலு பேரு பேசுவாங்கன்னு பயப்படறாங்க” என்றார். கிணற்றில் மழைக்குழாய் இறக்கச் சொன்னவர் அவர். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நியூட்டன் விதிகளைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவர் அறிவு வேண்டும், அவர் வந்து குடியிருக்கக் கூடாது.

1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தைப் பிறகு எடுத்துப் படித்தேன். தீண்டாமையின் பேரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று சிரித்த முகத்தோடு சொன்ன வார்த்தையை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது? நகரத்தில் மட்டும் இது இல்லாமல் போய்விடவில்லை. பொருளியல் அறிஞர் சுகதேவ் தோராட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு கேட்டுப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் கொண்டவர்களுக்குக் கதவு எவ்வளவு எளிதாக மூடுகிறது என்பதைக் காட்டியது. எங்கள் பக்கத்திலேயே, 2021-இல், மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானப் பந்தியில் தங்களை உட்கார விடவில்லை என்று பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய காணொளி பரவியது. அந்த நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றும் வழங்கினார். தலைமுறைகளாக இந்த மண்ணில் இருந்தவர்களுக்கு, இந்த இடம் உன்னுடையது என்று ஒரு தாள் கைக்கு வர அத்தனை காலம் ஆயிற்று.

2024-இல் எனக்குத் திருவாரூர் மாவட்டத்துக்கு மாறுதல் கிடைத்தது. வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்ன அன்றே அக்கா என்னிடம், “அந்தப் பிசிக்ஸ் டீச்சரக் கேளுங்க. தெருவுல எவன் இன்னா பேசினாலும் நான் பாத்துக்கறேன்” என்றார். அவருடைய கொழுந்தனார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனதும் எனக்குத் தெரியும். அதையும் மீறித்தான் சொன்னார். அந்த அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உணர்ந்து, ஓடிப் போய் டீச்சரிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “உங்க அக்கா ரொம்ப நல்லவங்க. நான் அவங்களுக்கு என்னைக்கும் மரியாதை குடுப்பேன். ஆனா அவங்க நல்லவங்களா இருந்தாத்தான் எனக்கு வீடு, நீங்க சிபாரிசு பண்ணாத்தான் எனக்கு வீடுன்னா, நாளைக்கு அவங்க மனசு மாறினா நான் எங்க போவேன்? என் பொண்ணு அந்தத் தெருவுல விளையாடப் போறப்போ யாரு யாருகிட்ட அனுமதி கேக்கணும்? பஸ்ல வந்துக்கறேன். செங்கல்பட்டுல வாடகை குடுக்கறேன், சாவி குடுத்தாங்க. அது போதும்.”

அவர் சொன்னதில் எனக்கு மறுத்துப் பேச ஒன்றுமில்லை. கிராமத்தின் அன்பை நான் இரண்டு வருடம் முழுசாக அனுபவித்திருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வந்தது, ஆடிக்கூழ் வந்தது, பிடித்த மீனில் பங்கு வந்தது. அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அது ஒருவர் வாய்ச்சொல்லில் தொடங்கியது. அந்த வாய்ச்சொல் எனக்குக் கிடைத்ததற்கு என் பிறப்பு ஒரு காரணம். ஒரு மனிதர் தலைசாய்க்க இடம் கிடைப்பது அடுத்தவரின் நல்ல மனதை நம்பி நிற்கக் கூடாது. நல்ல மனது அதற்கு மேல் வரட்டும், வரவேற்போம்.

செய்யக்கூடியவை பல இருக்கின்றன. பணிபுரியும் பெண்களுக்கு அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வந்திருக்கின்றன. பணமும் பணிச் சான்றும் காட்டினால் அறை. தெரு எது என்று அங்கே கேள்வி இல்லை. அப்படிப்பட்டவை திருக்கழுக்குன்றத்துக்கும் செய்யூருக்கும் மதுராந்தகத்துக்கும் வர வேண்டும். சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பக்கத்தில், ஆசிரியருக்கும் செவிலியருக்கும் சின்னச் சின்ன அரசுக் குடியிருப்புகள் வேண்டும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு விடுதி போதாது. கல் உடைக்கவும் கட்டடம் கட்டவும் வருகிற தொழிலாளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் ஷீட்டு அறைகளை யாராவது அதிகாரி வந்து பார்க்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது ரேஷன் அட்டை வாங்குவது அளவுக்கு எளிதாக வேண்டும். அக்காவைப் போன்ற சிறு வீட்டுக்காரர்களுக்கு, வாடகை நின்றுபோனால் யாரிடம் போவது என்ற பயம் தீர வேண்டும். அந்தப் பயம் குறைந்தால், அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சாதியையும் தனியே பிடித்து நிறுத்திக் கேட்க முடியும்.

ஊர் திரும்பிய அந்த ஆண்டே மன்னார்குடியில் எங்கள் வீட்டின் பின்கட்டு காலியானது. அம்மாவும் தெருக்காரர்களும் தெரிந்த ஆளாகப் பார்க்கலாம் என்றார்கள். வாடகை ஒழுங்காகத் தருவார்களா, வீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்களா, இந்த இரண்டுக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். வாசலில் பலகை மாட்டினோம். அதைப் பார்த்து முதலில் வந்த குடும்பத்துக்கு, மூன்று மாத அட்வான்ஸில், வீட்டைக் கொடுத்தோம். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தோம். அவர்கள் என்ன ஆட்கள் என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை.